இட்லிப் பானை ஆவியும் என் கௌபாய் தொப்பியும்

ஒரு தொப்பிக்காக ஐந்து சனிக்கிழமைகளையும் கிட்டத்தட்ட 390 டாலரையும் தொலைத்திருக்கிறேன். இதில் வரியோடு சேர்த்துத் தொப்பியின் விலை 260. மிச்சம் 130 டாலர் முழுக்க என் கைச்சேட்டைக்கு நானே கட்டிய அபராதம். நெய்யாமல் மயிரை அழுத்திச் செய்யும் இந்த ஃபெல்ட் தொப்பியைப் பற்றித் தமிழில் யாராவது நாலு வரி எழுதி வைத்திருந்தால் இந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன். இங்கே டெக்சாஸிலும் மற்ற ஊர்களிலும் நம் ஆட்கள் நிறையப் பேர் ஆசைப்பட்டு ஒரு தொப்பி வாங்கிவிடுகிறார்கள் என்பதால் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஹூஸ்டனில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் இங்கே பெரிய ரோடியோ, அதாவது மாடும் குதிரையும் அடக்கும் கௌபாய் திருவிழா நடக்கும். அது தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ‘கோ டெக்சன் டே’. அன்று அலுவலகம், பள்ளிக்கூடம், வங்கி என்று எங்கே பார்த்தாலும் பூட்ஸும் தொப்பியும்தான். பத்து வருடம் கட்டம் போட்ட சட்டையோடு சமாளித்தேன். போன வருடம்தான் நமக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று தோன்றியது. கடைக்குப் போயிருக்க வேண்டும். இங்குள்ள நல்ல தொப்பிக் கடைகளில், வாங்கும் தொப்பியை நம் கண் முன்னாலேயே ஆவியில் காட்டி, முகத்துக்கு ஏற்றபடி வளைத்துக் கொடுப்பார்கள், பெரும்பாலும் அதற்குத் தனிக் காசு கிடையாது. எனக்கோ கடைக்குள் போய் கண்ணாடி முன் நிற்கவே கூச்சம். இந்த மூஞ்சிக்குக் கௌபாய் தொப்பியா என்று விற்கிறவன் நினைப்பானோ என்ற பயம். அதனால் இணையத்தில் வாங்கினேன். முப்பது டாலர் மிச்சம் என்று பெருமை வேறு.

வந்தது அடர் பழுப்பு நிறத் தொப்பி. சுற்றிலும் நீட்டி நிற்கும் ஓரத்தைப் பிரிம் என்பார்கள், அது நான்கு அங்குலம். தலை நுழையும் மேல் பகுதி கிரவுன். அளவு 7¼, அதாவது 58 சென்டிமீட்டர் தலைக்கு. உள்ளே ‘6எக்ஸ்’ என்று பொன்னெழுத்தில் தரக் குறி. இந்த எக்ஸைப் பார்த்துதான் நான் ஏமாந்தேன், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை எக்ஸ் போடுவது என்பதற்குப் பொதுவான கணக்கு எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஆறு எக்ஸ் இன்னொருவரின் மூன்று எக்ஸுக்குச் சமமாக இருக்கலாம். ஒரே கம்பெனிக்குள் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் அது உதவும். நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: இது ஆட்டுக் கம்பளியா, முயல் மயிரா, அதில் பீவர் என்ற நீர்விலங்கின் மயிர் கலந்திருக்கிறதா? கைக்குக் கெட்டியாக இருக்கிறதா, தளதளவென்று இருக்கிறதா? என்னுடையது முயல் மயிர், தளதள ரகம். அதை நான் கேட்கவே இல்லை.

கோ டெக்சன் டே அன்று காலையில் தூறல். காரிலிருந்து அலுவலக வாசலுக்குப் போவதற்குள் பத்து நிமிடம் நனைந்திருப்பேன். பத்து மணிக்கு பிரிம் நமத்துப்போன அப்பளம் மாதிரி இரண்டு காதிலும் சாய்ந்துவிட்டது. கூட வேலை செய்கிற ஒருவன் “மீன் பிடிக்கப் போகிறாயா?” என்று கேட்டான். நல்லவன்தான், நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அன்றைக்கு எடுத்த குழுப் படத்தில் நான் மட்டும்தான் தொப்பியைக் கையில் வைத்திருக்கிறேன். மத்தியானம் காருக்குப் போய் ஹீட்டரை முழுக்கத் திருப்பி, காற்று வரும் வாய்க்கு நேராகத் தொப்பியைப் பிடித்து அரை மணி நேரம் காய வைத்தேன். முதல் பெரிய தப்பு அது. உள்ளே நெற்றியைச் சுற்றி ஒரு தோல் பட்டை தைத்திருக்கும். ஈரமான தோலில் சூடு பட்டால் அது சுருங்கும், கூடவே தொப்பியையும் இழுத்துக்கொள்ளும். நனைந்த தொப்பியை உதறிவிட்டு, தோல் பட்டையை வெளிப்பக்கம் மடித்து, அந்தப் பட்டையின் மேலேயே நிற்கும்படி வீட்டுக்குள் ஒரு மூலையில் வைத்துவிட்டால் போதும். ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகட்டும். ஹேர் டிரையர், வெயில், கார் டாஷ்போர்டு எதுவும் ஆகாது. ஹூஸ்டன் வெயிலில் பூட்டிய காருக்குள் தொப்பியை விட்டுப் போவது அடுப்பில் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

அந்த சமயத்தில் அம்மா திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தாள். தொங்கிப்போன தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எய்யா, வேட்டிக்குக் கஞ்சி போடுத மாதிரி போட்டா வெறச்சி நிக்காதா?” என்று கேட்டாள். எனக்கு அது மிகச் சரியாகவே பட்டது. அப்பாவின் வேட்டி முறுக்கு வைத்துக்கொண்டு நின்றதெல்லாம் அம்மாவின் கஞ்சியில்தானே. வடிகஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, பஞ்சால் தொட்டு பிரிமின் மேலும் கீழும் தடவினோம். இரவு முழுக்கக் காய்ந்தது. காலையில் விறைப்பாகத்தான் நின்றது. ஆனால் அடர் பழுப்பின் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, தலைமுடியில் பொடுகு பிடித்த மாதிரி. வளைத்தால் நொறுங்கிக் கொட்டியது. வேட்டியில் ஈரம் காயும் முன் பெட்டி போட்டு நூலோடு நூலாக அழுத்திவிடுகிறோம். ஃபெல்ட்டில் நூலும் இல்லை, நெய்தலும் இல்லை. மயிர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சிக்குதான் ஃபெல்ட். கஞ்சி அதன் மேல் தோலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே காய்ந்துவிடும். போதாததற்குக் கரப்பான் பூச்சிக்கும் விருந்து. சர்க்கரைத் தண்ணீர், ஜெலட்டின், மரப் பசை, ஹேர் ஸ்பிரே என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். என் கஞ்சி பாடம் அவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சனிக்கிழமை கொஞ்சம் படித்துப் பார்த்தேன். தொப்பியை விறைக்க வைக்கக் காலம்காலமாகப் பயன்படுத்தி வருவது ஷெல்லாக் என்று தெரிந்தது. அதாவது நம்முடைய அரக்கு! ஜார்க்கண்ட் காடுகளில் புரசு, இலந்தை மரக் கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரந்து சேர்த்து வைப்பது. 1924லேயே ராஞ்சியில் இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருக்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் 22 டாலருக்கு ஒரு டின்னும், கரைக்க 13 டாலருக்கு டீநேச்சர்ட் ஆல்கஹாலும் (நம்மூர் ஸ்பிரிட்தான்) வாங்கினேன். மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் பாளையங்கோட்டையில் எங்கள் தெரு ஆசாரி பஞ்சுருண்டையை ஸ்பிரிட்டில் முக்கி கதவுக்குப் பாலிஷ் போட்டதுதான் ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம்தான் என்னைக் கெடுத்தது. ஆசாரி செய்த மாதிரியே நானும் செய்தேன். டின்னில் இருந்ததை அப்படியே, கரைக்காமல், பிரஷ்ஷால் பிரிமின் மேல் பக்கம் இரண்டு பூச்சு, கிரவுனுக்கு ஒரு பூச்சு.

கதவுக்குப் பளபளப்பு அழகு. தொப்பிக்கு அது சாவு. ஒரு மணி நேரத்தில் தொப்பி தகரம் மாதிரி ஆகிவிட்டது. தட்டினால் டொக் டொக் என்றது. அன்றைக்கு வெளியே ஒரே புழுக்கம். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது பூசினால் ஸ்பிரிட் ஆவியாகும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். அதனால் அரக்கு பால் போல வெளுத்துவிடும். கஞ்சித் திட்டுக்கு மேலே அரக்குத் திட்டு. இன்னொரு விஷயம், அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இதையெல்லாம் நான் கராஜுக்குள் கதவை மூடிக்கொண்டு செய்தேன். எங்கள் வீட்டில் கேஸ் வாட்டர் ஹீட்டர் அதே கராஜில்தான் இருக்கிறது, உள்ளே எப்போதும் சின்னச் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். ஆல்கஹால் ஆவியும் சுடரும் ஒரே அறையில். மனைவி கதவைத் திறந்து, “என்னங்க, வீட்டையே கொளுத்தப் போறீங்களா?” என்று போட்ட சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. தயவு செய்து இந்த வேலையைத் திறந்த வெளியில், வறண்ட நாளில் மட்டும் செய்யுங்கள்.

பிறகு நான் கற்றுக்கொண்ட முறை இது. அரக்கை ஆல்கஹாலில் நன்றாக நீர்க்கக் கரைத்து, ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, பிரிமின் அடிப்பக்கத்திலும் கிரவுனின் உள்பக்கத்திலும் மட்டும் லேசாகத் தெளிக்க வேண்டும். வெளிப்பக்கம் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. ஒரு தெளிப்பு, முழுக்கக் காயவிட்டு, விரலால் வளைத்துப் பார்த்து, போதவில்லை என்றால் இன்னொன்று. சேர்ப்பது ஒரு நிமிட வேலை, எடுப்பது ஒரு வார வேலை. அதற்கு முன் பிரிமின் அடியில் ஒரு ஓரத்தில் துளி வைத்துப் பார்த்தால் நிறம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும். கரைத்து வைக்கச் சோம்பலாக இருந்தால், கௌபாய் சாமான் விற்கும் கடைகளில் இதற்கென்றே ஸ்பிரே டப்பா கிடைக்கிறது. அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது.

மூன்றாவது சனிக்கிழமைதான் உச்சம். கெட்டியாகிப்போனதை ஆவி காட்டினால் இளகும் என்று படித்தேன். அது உண்மையும்கூட. வீட்டில் கெண்டி இருந்தது. ஆனால் தொப்பி பெரிதாயிற்றே, ஒரே தடவையில் முழுவதும் ஆவி படட்டும் என்று இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, மூடியை எடுத்துவிட்டு, வாயின் மேல் தொப்பியைக் கவிழ்த்தேன். பானைக்குத் தொப்பி அத்தனை அழகாகப் பொருந்தியது. ஐந்து நிமிடம். எடுத்தபோது உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர், தோல் பட்டை கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. பிரிம் ஈரத் துண்டு போலத் தொங்கியது. சரி, காயட்டும் என்று விட்டேன். மறுநாள் தலையில் வைத்தால் இறங்கவில்லை, நெற்றிக்கு மேலே உட்கார்ந்துகொண்டது. டேப் வைத்து அளந்தால் 57 சென்டிமீட்டர்தான் இருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று புரிந்தபோது என் மேலேயே கோபம் வந்தது. மயிரின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நெருங்கும். தொழிற்சாலையில் ஃபெல்ட் செய்வதே அப்படித்தான், அங்கே வேண்டுமென்றே சுருக்குகிறார்கள். நான் வீட்டில் அந்த வேலையை அரைகுறையாகத் தொடர்ந்திருக்கிறேன். ஆவி வேண்டும், ஆனால் கொஞ்சம், ஓர் இடத்துக்கு மட்டும். அதற்குக் கெண்டியின் மூக்குதான் சரி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாத்தா காலத்துப் பழைய தொப்பி கைக்கு வந்தால் அதை அடைத்த சமையலறையில் ஆவி காட்டாதீர்கள். அந்தக் காலத்தில் மயிரைப் பதப்படுத்தப் பாதரசக் கலவை போடுவார்கள். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் அது 1941 வரை இருந்தது. தொப்பி செய்தவர்களுக்குக் கை நடுங்கியதும் புத்தி பேதலித்ததும் அதனால்தான்.

அதன் பிறகு ஒரு வாரம் தொப்பியைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். 260 டாலர் என்பதை அம்மாவிடம் சொல்லவே இல்லை. ரூபாயில் பெருக்கினால் அவள் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டாள். உண்மையில் பணம்கூட அவ்வளவு உறுத்தவில்லை. பதினோரு வருடம் ஓர் ஊரில் இருந்துவிட்டு அந்த ஊர்க்காரனிடம் போய் “எனக்கு இது தெரியாது, சொல்லிக்கொடு” என்று கேட்கக் கூச்சப்பட்டேனே, அதுதான் உறுத்தியது. கடைசியில் மனைவிதான், ஊரின் கிழக்கே ஒரு சின்னக் கடையில் தொப்பி பழுது பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்து என்னைக் காரில் ஏற்றினாள்.

கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். மெக்சிகோ வம்சாவளி. வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் ஃபெல்ட் தொப்பியை ‘தெஹானா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், டெக்சாஸ்காரி என்று அர்த்தம். அவர் என் தொப்பியை வாங்கியதும் முதலில் உள்ளே மூக்கை விட்டு முகர்ந்தார். பிறகு கட்டை விரல் நகத்தால் பிரிமைச் சுரண்டினார். வெள்ளைத் தூள் மேசையில் விழுந்தது. அதை நாக்கில் வைப்பாரோ என்று பயந்தேன். “இதற்கு என்ன சாப்பிடக் கொடுத்தாய்?” என்றார். அரிசிக் கஞ்சி என்றேன். அவர் வாய்விட்டுச் சிரிக்கவில்லை, ஆனால் பின்னால் இருந்த பையனைக் கூப்பிட்டு ஸ்பானியத்தில் ஏதோ சொன்னார். அவன் சிரித்தான்.

வேலையை இரண்டு தவணையாகச் செய்தார். நான் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதித்தார். கஞ்சித் தூளை பிரஷ்ஷால் எடுத்தார். குதிரை மயிர் பிரஷ், மயிர் படிந்திருக்கும் போக்கிலேயே, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் இழுத்தார். அரக்கை எடுக்க அதே ஆல்கஹால்தான். துணியில் நனைத்து ஒற்றி ஒற்றி, துணி மாற்றி மாற்றி எடுத்தார். அரக்கு எத்தனை முறை காய்ந்தாலும் ஆல்கஹாலில் மறுபடி கரையும் என்பது நல்ல வேளை. மரப் பசை போட்டிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார். பிறகு மிக மெல்லிய உப்புத்தாளால், தடவிக்கொடுப்பது போல, மேற்பரப்பைத் தேய்த்தார். தோல் பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் திருகு வைத்த இரட்டை மரக்கட்டை ஒன்றை உள்ளே விட்டுத் திருகி ஒரு வாரம் விரித்து வைத்தார். புதுப் பட்டை தைத்து, எல்லாம் சேர்த்து 95 டாலர். நிறம் ஓரிரு இடத்தில் கொஞ்சம் வெளுத்துதான் இருக்கிறது.

அவர் சொன்ன ஒரு விஷயத்தைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். தளதள ரகமாகவே இருந்தாலும் செய்யும்போதே விறைப்பு மருந்து கொஞ்சமாவது உள்ளே ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். மழையில் பிரிம் தொங்கியபோது அது எங்கும் ஓடிப்போகவில்லை. ஆவி பட்டால் இளகும், ஆறினால் இறுகும். அன்றைக்கே நான் தொப்பியைத் தானாக உலரவிட்டு, அரை நிமிடம் ஆவி காட்டி, கையால் நிமிர்த்திப் பிடித்து ஆறவைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். மேற்கொண்டு மருந்து சேர்ப்பது கடைசி வழி.

ஐந்தாவது சனிக்கிழமை, கடைக்காரர் கெண்டியை என் பக்கம் நகர்த்தி, “உன் தொப்பி, நீயே வளை” என்றார். கிரவுனின் நடு மடிப்பும் பிரிமின் வளைவும் எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது என நினைத்திருந்தேன். அப்படி எதுவும் கிடையாது. 1865இல் ஸ்டெட்சன் என்ற அமெரிக்கத் தொப்பிக்காரர் கொண்டுவந்த ‘பாஸ் ஆஃப் தி பிளெயின்ஸ்’ தொப்பி மொட்டையான கிரவுனும் தட்டையான பிரிமுமாகத்தான் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் அவரவர் பிடித்துக் கழற்றிய இடத்தில் குழி விழுந்தது, அவரவர் இழுத்துவிட்ட பக்கம் வளைந்தது. எனக்குப் பக்கங்கள் சுருண்டு ஏறியிருப்பது பிடிக்கவில்லை. கொஞ்சம் மட்டும் தூக்கி, முன்பக்கம் லேசாக இறங்க வேண்டும்.

செய்தது இப்படி: தோல் பட்டையை வெளியே மடித்துவிட்டு, கெண்டி நன்றாகக் கொதித்ததும், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பிரிமின் அடிப்பக்கத்தை ஒரு கையகல இடத்துக்கு மட்டும் ஆவியில் காட்டினேன். இருபது முப்பது நொடி. விரலில் சுடச்சுடச் சப்பாத்தி போல ஒரு இளக்கம் தெரியும், அதுதான் அடையாளம். அதற்கு மேல் ஒரு நொடியும் வேண்டாம். ஆவியை விட்டு விலக்கி, உள்ளங்கையால் வளைத்து, சூடு ஆறும் வரை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் விரல் நுனியால் அழுத்தியதில் முதலில் நாலு பள்ளம் விழுந்தது, கடைக்காரர் மறுபடி ஆவி காட்டித் தடவி எடுத்தார். வலது பக்கம் கொஞ்சம், உடனே இடது பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிச் செய்யாவிட்டால் கோணிக்கொள்ளும். கிளிப் மாட்டி வைக்கலாமா என்று கேட்டேன், தழும்பு விழும் என்றார். கிரவுன் குழிக்கு உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை. கிரவுனின் முன்பக்க மூக்கைப் பிடித்துத் தொப்பியைத் தூக்கும் பழக்கத்தை அன்றே விடச் சொன்னார், அங்கேதான் முதலில் ஓட்டை விழுமாம். கழற்றி வைக்கும்போது மல்லாக்க வைக்க வேண்டும், பிரிம் தரையில் பட்டால் வளைவு தட்டையாகிவிடும்.

மனம் கேட்காமல் அப்புறம் ஒரு மலிவான கம்பளித் தொப்பி வாங்கிப் பழகிப் பார்த்தேன். இந்த யோசனை முதல் நாளே வந்திருக்க வேண்டும். டின்னில் மிச்சமிருந்த அரக்கில் பாதியை ஒரே நாளில் அதற்குக் குடிக்கக் கொடுத்து, எந்த அளவில் கெட்டுப்போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டேன். அது மண்சட்டி போல ஆகிவிட்டது. அம்மா ஊருக்குக் கிளம்புகிற வரை சமையலறை அலமாரியில் அதை மல்லாக்க வைத்து, சின்ன வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். இப்போதும் அதில் வெங்காயம்தான் இருக்கிறது.